குக்கர் விசில் வைக்காத வீடு

எங்கள் வீட்டில் காலை 11 மணிக்கு முன்னால் குக்கர் விசில் அடிக்காது. என் மனைவி சாதத்தை வடித்துவிடுவாள், பருப்பை முந்தின நாள் சாயங்காலமே வேகவைத்து ஃப்ரிட்ஜில் வைத்துவிடுவாள், சட்னி அரைத்தே ஆகவேண்டும் என்றால் மிக்ஸியைப் பின்பக்க பால்கனிக்குத் தூக்கிப்போய், எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகி, கதவைச் சாத்திக்கொண்டு அரைப்பாள். எல்லாம் நான் தூங்குவதற்காக. கல்யாணமான நாளிலிருந்து இப்படித்தான் என்பதால் இதில் ஏதோ கோணல் இருப்பதாகவே எங்களுக்குத் தோன்றியதில்லை.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மகளை அவள் வகுப்புத் தோழியின் பிறந்தநாளுக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். வீடு முழுக்கக் குழந்தைகள், ஒரே கத்தல். இவள் மட்டும் எல்லோரிடமும் கிசுகிசுவென்று பேசிக்கொண்டிருந்தாள். அந்த வீட்டு அம்மா என்னிடம் வந்து, "பாப்பாவுக்குத் தொண்டை சரியில்லையா சார்? ஐஸ்கிரீம் குடுக்கலாமா?" என்று கேட்டார். தொண்டைக்கெல்லாம் ஒன்றுமில்லை. பகல் என்றால் மெதுவாகத்தான் பேசவேண்டும் என்று அவளுக்கு ஏழு வயதுக்குள் பழகிவிட்டது, அவ்வளவுதான்.

வண்டியில் திரும்பி வரும்போதுதான் முதல் தடவையாக, இந்த வேலையை விட்டுவிட வேண்டும் என்று எனக்கு உறுதியாகத் தோன்றியது. அதற்கு முன்னால் தோன்றியதே இல்லையா என்றால், வாரத்துக்கு ஐந்து தடவை தோன்றும், ஆனால் அது எல்லோருக்கும் தோன்றுவதுபோல. இது வேறு.

என்ன வேலை என்று சொல்லிவிடுகிறேன். ஏஆர் காலிங். சென்னையிலும் திருச்சியிலும் இருப்பவர்களுக்கு விளக்கவே வேண்டாம், தெருவுக்கு ஒருவர் இருப்பார். மற்றவர்களுக்காக: அமெரிக்காவில் ஒருவர் டாக்டரைப் பார்க்கிறார், டாக்டர் ஆபீஸ் அந்தக் கட்டணத்தை இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு க்ளெய்மாக அனுப்புகிறது, இன்ஷூரன்ஸ் கம்பெனி ஏதோ காரணம் சொல்லி மறுக்கிறது, அல்லது பதிலே சொல்லாமல் கிடப்பில் போடுகிறது. அந்தப் பணம் ஏன் வரவில்லை என்று இங்கே இருந்து போன் போட்டுக் கேட்பதுதான் என் வேலை. நான் 2014-இல் சேர்ந்தபோது சம்பளம் 11,000. சேர்ந்த மறு வருடம் அக்டோபர் 1-ஆம் தேதி அமெரிக்காவில் நோய்களுக்கான குறியீடுகள் ஐசிடி-9-லிருந்து ஐசிடி-10-க்கு மாறின. பதினாலாயிரம் சொச்சமாக இருந்த நோய்க் குறியீடுகள் ஒரே ராத்திரியில் அறுபத்தெட்டாயிரத்துக்குமேல் ஆகிவிட்டன. அந்தச் சமயத்தில் ஆபீஸே தீபாவளிக் கூட்டம் மாதிரி இருந்தது. உண்மையைச் சொன்னால் எனக்கு அது பிடித்திருந்தது. ஏன் மறுத்தார்கள் என்று துப்பறிகிற மாதிரி ஒரு விறுவிறுப்பு.

அங்கே காலை 8 மணி என்றால் இங்கே சாயங்காலம் 5:30. அதாவது கோடையில். மார்ச் மாதம் இரண்டாவது ஞாயிறன்று அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுவார்கள், நவம்பர் முதல் ஞாயிறன்று பின்னால் இழுப்பார்கள். அவன் ஊரில் வெயில் எப்போது வருகிறது என்பதைப் பொறுத்து மேடவாக்கத்தில் நான் எத்தனை மணிக்குச் சாப்பிடுவேன் என்பது மாறும். நவம்பரிலிருந்து ஷிப்ட் 6:30-க்கு ஆரம்பித்து விடிகாலை 3:30-க்கு முடியும். கேப் பிடித்து, மூன்று பேரை இறக்கிவிட்டு, வீட்டுக்கு வர 4:45. பால்காரர் எனக்குக் குட்மார்னிங் சொல்வார், நான் அவருக்குக் குட்நைட் சொல்வேன். தீபாவளி அன்றைக்கு லாகின் பண்ணியிருக்கிறேன், நவம்பர் நாலாவது வியாழக்கிழமை அவர்கள் வான்கோழி சாப்பிடுகிற நாளில் வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிறேன்.

இதெல்லாம் தெரிந்துதான் சேர்ந்தேன், யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் பத்து வருடம் கழித்து, ஒரு நாளைக்கு 45 கணக்கு, அதாவது 45 க்ளெய்ம், முடிக்க வேண்டும், அதில் பாதி நேரம் அந்தப் பக்கம் ஓடுகிற ஹோல்டு மியூசிக்கைக் கேட்க வேண்டும், குவாலிட்டி மார்க் 95-க்குக் கீழே போனால் மறுநாள் டீம் மீட்டிங்கில் திரையில் நம் பேர் சிவப்பில் வரும் என்றால், ஒரு கட்டத்தில் உள்ளுக்குள் ஏதோ நின்றுவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனாலே வயிற்றைப் பிசையும். கோபம் வீட்டில் காட்டுவேன். ஒருநாள் அடுக்களையில் கரண்டி கீழே விழுந்ததற்காக நான் கத்திய கத்தலை இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

பிறந்தநாள் வீட்டிலிருந்து வந்த அன்றைக்கு மனைவியிடம், "நான் பேப்பர் போடப்போறேன்" என்றேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தே பார்க்காமல், "பிடிக்கல பிடிக்கலன்னு மூணு வருஷமா சொல்றீங்க. எது பிடிக்கல?" என்று கேட்டாள்.

"எல்லாமேதான்."

"எல்லாமேன்னு ஒண்ணு கிடையாதுங்க. சம்பளம் பிடிக்கலையா, மேனேஜரைப் பிடிக்கலையா, நைட்டு பிடிக்கலையா, போன்ல பேசறது பிடிக்கலையா? எதுன்னு தெரியாம விட்டீங்கன்னா அடுத்த எடத்துலயும் அதே வந்து உக்காந்துக்கும்."

எனக்குக் கோபம்தான் வந்தது. தனியார் பள்ளிக்கூடத்தில் 17,000 சம்பளத்துக்கு நாற்பத்திரண்டு பிள்ளைகளைக் கட்டி மேய்க்கிறவள், அவள் கேட்பதில் நியாயம் இருக்கிறது என்பது மறுநாள்தான் உறைத்தது. ஒரு 40 பக்க நோட்டு வாங்கினேன். ஷிப்ட் முடிந்து கேபில் வரும்போது, அன்றைக்கு எந்த நேரத்தில் வயிறு பிசைந்தது, எந்த நேரத்தில் மணி போனதே தெரியவில்லை, இந்த இரண்டை மட்டும் ஒரு வரி, இரண்டு வரி எழுதுவேன். தத்துவம் எல்லாம் எழுதவில்லை. "9:20, டார்கெட் கேட்டு பிங் வந்தது, எரிச்சல்." "1 மணி, சிஓ-16 கேஸ், ஜாலி." இப்படித்தான் இருக்கும். (சிஓ-16 என்பது க்ளெய்மை ஏன் மறுத்தார்கள் என்று சொல்கிற குறியீடுகளில் ஒன்று.)

ஆறு வாரம் எழுதிய பிறகு உட்கார்ந்து படித்தேன். நான் நினைத்திருந்ததற்கும் நோட்டில் இருந்ததற்கும் சம்பந்தமே இல்லை. மேனேஜரைப் பற்றிய புலம்பல்தான் அதிகம் இருக்கும் என்று எதிர்பார்த்தேன், மொத்தமே நாலு இடத்தில்தான் அவர் வருகிறார், அதில் ஒன்றில் என் மேல்தான் தப்பு. திரும்பத் திரும்ப வந்தது இரண்டே விஷயம். ஒன்று தூக்கம். இன்னொன்று எண்ணிக்கை, அதாவது 45 என்ற அந்த எண். ஒரு கணக்கை நோண்டி ஆராய்ந்துகொண்டிருக்கும்போது, இதில் பத்து நிமிடம் போய்விட்டதே என்று பாதியில் விட்டுவிட்டு அடுத்ததற்கு ஓடவேண்டி வந்த நாட்களில்தான் வயிறு பிசைந்திருக்கிறது.

"ஜாலி" என்று எழுதிய இடங்களையும் சேர்த்துப் பார்த்தேன். அத்தனையும் சிக்கலான கேஸ்கள். ஒன்று நன்றாக நினைவிருக்கிறது. ஒரு முழங்கால் எக்ஸ்ரே க்ளெய்ம், சிஓ-16 என்று மறுத்திருந்தார்கள், ஏதோ தகவல் குறைகிறது என்று அர்த்தம். எனக்கு முன்னால் அதைப் பார்த்தவர் என்ன குறைகிறது என்று பார்க்காமலே மறுபடி அனுப்பியிருக்கிறார். அது சிஓ-18 என்று திரும்பியிருக்கிறது, அதாவது ஏற்கெனவே வந்ததையே திரும்ப அனுப்பியிருக்கிறீர்கள் என்று. அவர் மறுபடியும் அனுப்பியிருக்கிறார். மறுபடியும் 18. இப்படியே மூன்று தடவை. அவருக்கு அன்றைக்கு டார்கெட் முடிந்திருக்கும். கடைசியில் பார்த்தால், எக்ஸ்ரேவுக்கு அனுப்பிய டாக்டரின் அடையாள எண்ணில் ஒரு இலக்கம் மாறியிருந்தது. அமெரிக்க அரசின் மெடிகேர் காப்பீட்டில் சிகிச்சை நடந்த தேதியிலிருந்து ஒரு வருடத்துக்குள் க்ளெய்ம் போய்ச் சேர வேண்டும், தாண்டினால் சிஓ-29, அப்புறம் பணம் போனது போனதுதான். இது பதினோராவது மாதத்தில் இருந்தது. அந்த ஒரு இலக்கத்தைத் திருத்தி அனுப்பவைத்த ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை, சந்தோஷத்தில்.

ஆக எனக்கு வேலை பிடிக்காமல் இல்லை. வேலைக்குள்ளே இருக்கிற ஒரு சின்ன வேலை ரொம்பப் பிடித்திருக்கிறது. அதைச் செய்ய விடாமல் அடிக்கிற மற்றதெல்லாம் பிடிக்கவில்லை. இது தெரிவதற்கு எனக்குப் பத்து வருடமும் 15 ரூபாய் நோட்டும் தேவைப்பட்டது.

சரி, தெரிந்துவிட்டது, அப்புறம் என்ன செய்வது? ஓஎம்ஆரில் வேலை பார்க்கிற எவரைக் கேட்டாலும் ஒரு திட்டம் வைத்திருப்பார்கள். இயற்கை விவசாயம், ஆட்டுப் பண்ணை, மரச்செக்கு எண்ணெய், டீக்கடை. எங்கள் கேபில் வருகிற நாலு பேரில் மூன்று பேருக்கு ஆட்டுப் பண்ணை. இதில் ஒருவர்கூட ஒரு ஆட்டுக்குட்டிக்கு ஒருநாள் தழை ஒடித்துப் போட்டதில்லை. நான் சிரிக்கிறேன், ஆனால் எனக்கும் அப்படி ஒன்று இருந்தது: ஏசி மெக்கானிக் ஆவது.

எங்கள் வீட்டு ஏசி ஒரு ஏப்ரல் மாதம் மக்கர் பண்ணியபோது வந்த அண்ணன்தான் காரணம். பகலில் தூங்குகிறவனுக்கு ஏசி சொகுசு கிடையாது, மருந்து. அவருக்கு முன்னால் வேறொருவர் வந்து இரண்டு தடவை கேஸ் அடித்துவிட்டுப் போயிருந்தார், பத்து நாள் ஜில்லென்று இருக்கும், அப்புறம் வெறும் காற்று. இந்த அண்ணன் வந்ததும் சிலிண்டரை வண்டியிலிருந்து எடுக்கவே இல்லை. சோப்பு நுரையை ஒரு பழைய ஷேவிங் பிரஷ்ஷில் தோய்த்து, அவுட்டோர் யூனிட்டில் காப்பர் பைப் வந்து சேர்கிற ஃப்ளேர் நட்டில் தடவிவிட்டு, குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு நிமிடம் ஒன்றும் இல்லை. அப்புறம் கடுகு அளவுக்கு ஒரு குமிழி, கிளம்பி, பெருத்து, உடைந்தது. "பாத்தீங்களா சார், இதுதான். ஓட்டைப் பானையில எவ்வளவு ஊத்துனாலும் நிக்குமா?" என்றார்.

எனக்கு அந்த எக்ஸ்ரே க்ளெய்ம்தான் ஞாபகத்துக்கு வந்தது. ஒழுகுகிற இடத்தைப் பார்க்காமல் கேஸ் அடிப்பதும், என்ன தப்பு என்று பார்க்காமல் க்ளெய்மைத் திருப்பி அனுப்புவதும் ஒரே கூத்துதான்.

நோட்டைப் படித்து முடித்த வாரம் அவருக்குப் போன் போட்டு, சனி ஞாயிறில் கூட வரட்டுமா, காசு எதுவும் வேண்டாம் என்று கேட்டேன். அவர் நம்பவில்லை. ஏதோ இன்கம்டாக்ஸ் ஆள் என்று நினைத்திருப்பார். அப்புறம் வரச்சொன்னார்.

சனிக்கிழமை விடிகாலையில் ஷிப்ட் முடிந்து வந்து நாலு மணி நேரம் தூங்கிவிட்டு, 9:30-க்கு வேளச்சேரியில் ஒரு டீக்கடை வாசலில் நிற்பேன். முதல் மூன்று வாரம் எனக்குக் கொடுத்த வேலை ஏணியைப் பிடிப்பதும், வாட்டர் சர்வீஸ் செய்யும்போது சுவர் நனையாமல் இண்டோர் யூனிட்டுக்குக் கீழே பிளாஸ்டிக் கவரைக் கட்டிப் பிடிப்பதும்தான். அந்த அழுக்குத் தண்ணீர் எப்படி இருக்கும் தெரியுமா, கறுப்பாக, பழைய சாக்கு நாற்றத்தோடு முழங்கை வழியாகச் சட்டைக்குள் இறங்கும். "சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்பார். நாலாவது வாரம் மொட்டைமாடி வெயிலில் அவுட்டோர் யூனிட்டை இரண்டு பேரும் தூக்கி நகர்த்தும்போது அது என் கால் பக்கம் சரிந்தது. "தம்பி, காலு, காலு!" என்று கத்தினார். அன்றையிலிருந்து சார் போய்விட்டது, தம்பிதான்.

பல விஷயம் கற்றுக்கொண்டேன், கொஞ்சம் சொல்கிறேன், இல்லாவிட்டால் ஏதோ பொழுதுபோக்காகப் போனேன் என்று நினைத்துவிடுவீர்கள். பழைய ஏசிகளில் இருக்கும் ஆர்-22 வாயு ஓசோனைக் கெடுக்கிறது என்று 1987-இல் மான்ட்ரியல் நகரத்தில் போட்ட உலக ஒப்பந்தப்படி ஒதுங்கிக்கொண்டிருக்கிறது, இப்போது வருகிற இன்வர்ட்டர் ஏசிகளில் பெரும்பாலும் ஆர்-32. அது லேசாகத் தீப்பிடிக்கக்கூடியது, அதனால் பழைய பழக்கத்தில் பைப்புக்குள் வாயு மிச்சமிருக்கும்போதே டார்ச்சைக் காட்டி பற்றவைக்கக் கூடாது. கேஸ் ஏற்றுவதற்கு முன்னால் பம்ப் போட்டு உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் வாக்யூம் பண்ண வேண்டும், அதற்குப் பொறுமையாக அரைமணி நேரமாவது உட்கார வேண்டும், நிறையப் பேர் உட்காருவதில்லை. கூலிங் இல்லை என்று கூப்பிடுகிற வீடுகளில் நாங்கள் பார்த்ததில் பாதிக்கு கேஸ் காரணமே இல்லை: அடைத்துக்கொண்ட ஃபில்டர், தூசி ஏறிய காயில், சில நேரம் அவுட்டோர் ஃபேனின் கபாசிட்டர். அந்தச் சின்ன டப்பா பலவீனமானால் ஃபேன் மெதுவாகச் சுற்றும், சூடு வெளியே போகாது, கம்ப்ரஸர் கொதித்துப்போய்த் தானாக நின்றுவிடும். சில நூறு ரூபாய் சாமான். கிளாம்ப் மீட்டரை ஒயரைச் சுற்றி மாட்டி எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்று பார்த்தாலே பாதி கதை தெரிந்துவிடும். ஒருநாள் பள்ளிக்கரணையில் ஒரு வீட்டில் அண்ணன் மீட்டரை என் கையில் கொடுத்து, "நீ சொல்லு" என்றார். பத்து நிமிடம் யோசித்துக் கபாசிட்டர் என்றேன். சரியாக இருந்தது. அன்றைக்கு நோட்டில் எழுதவே இல்லை, எழுதத் தோன்றவில்லை.

இதோடு நிறுத்திக்கொண்டால் இது ஒரு நல்ல கதையாக இருக்கும். ஆனால் போகப்போக மற்ற பக்கமும் தெரிந்தது. மே மாதம் அண்ணன் காலை 7 மணிக்குக் கிளம்பி ராத்திரி 10 மணிக்கு வீடு சேருகிறார், மதியச் சாப்பாடு பெரும்பாலும் வண்டி மேலேயே. மூன்றாவது மாடியில் ஒரு அடி அகல சன்ஷேடில், பிடிமானம் இல்லாமல் நின்று ஸ்பேனர் போடுகிறார், கயிறு கட்டுங்கள் அண்ணே என்றால் சிரிக்கிறார். வேலை முடிந்ததும் "ஜீபே பண்ணிடறேன்" என்று சொல்லிவிட்டு மூன்று வாரம் போனை எடுக்காத ஆட்கள், நல்ல ஃபிளாட், நல்ல கார். நவம்பர் டிசம்பர் மழையில் சில நாள் ஒரு போன்கூட வராது. பேசிப் பேசி அலுத்துத்தானே இங்கே வந்தேன், இங்கேயும் பாதி வேலை வீட்டுக்காரரிடம் பேசுவதுதான்.

கணக்குக்கு வருவோம், இதைப் பற்றி யாரும் வெளிப்படையாகப் பேசுவதில்லை. அண்ணன் தன் டைரியைத் தூக்கிக் கொடுத்துவிட்டார், ஒளிவுமறைவே கிடையாது. ஏப்ரல், மே மாதங்களில் சாமான் செலவு, பையனுக்குக் கூலி எல்லாம் போக எழுபதாயிரத்துக்கு மேல். டிசம்பரில் பன்னிரண்டாயிரம். வருடம் முழுவதையும் கூட்டி 12-ஆல் வகுத்தால் என் கைக்கு வருகிற 43,000-ஐவிட இரண்டாயிரம்தான் குறைவு. ஆனால் அவருக்கு 22 வருட வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள். எனக்கு யார் இருக்கிறார்கள்? எங்கள் அபார்ட்மெண்டில் எட்டு வீடு. என் தரப்பில் வாடகை 14,000, தங்கச்சி கல்யாணத்துக்கு வாங்கிய லோனுக்கு மாதத் தவணை 8,200, அப்பா அம்மாவுக்கு மருந்து மூவாயிரம், ஸ்கூல் ஃபீஸ்.

விட்டால் கையில் என்ன வரும் என்றும் பார்த்தேன். கிராஜுவிட்டிக்கு அப்போது நான் கணக்குப் போட்ட வழி சுலபம்: கடைசி மாதத்து அடிப்படைச் சம்பளத்தை 15-ஆல் பெருக்கி, 26-ஆல் வகுத்து, வேலை பார்த்த வருடங்களால் பெருக்க வேண்டும். என் பேசிக் 20,000, 11 வருடம், ஆக 1,26,923 ரூபாய். ஐந்து வருடம் ஆவதற்கு முன்னாலேயே கோபத்தில் பேப்பர் போட்டு இதை இழந்த ஒரு நண்பர் இன்றைக்கும் வருத்தப்படுவார். பிஎஃப் தனி, அதைத் தொடவேண்டாம் என்று மனைவி ஒரே போடாகப் போட்டுவிட்டாள். என்னை உண்மையில் பயமுறுத்தியது இன்ஷூரன்ஸ். கம்பெனி போட்டிருக்கிற குரூப் பாலிசியில்தான் அம்மாவின் சர்க்கரையும் அப்பாவின் பிரஷரும் ஓடுகிறது. வேலையை விட்டால் அது அதோடு சரி. புதிதாக எடுத்தால் ஏற்கெனவே இருக்கிற நோய்க்கு மூன்று வருடம் வரைகூடக் காத்திருக்கச் சொல்லலாம். அதே இன்ஷூரன்ஸ் நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாறிக்கொள்ள வழி இருக்கிறது, ஆனால் ரிலீவிங் லெட்டர் வாங்கிய பிறகு போய் நிற்பதைவிட, பேப்பர் போடுவதற்கு முன்னாலேயே கேட்டு வைப்பது நல்லது. அமெரிக்காக்காரனுக்கு இன்ஷூரன்ஸ் ஏன் மறுத்தார்கள் என்று 11 வருடம் கேட்டவன், சொந்த வீட்டுப் பாலிசியைப் பிரித்துப் படித்தது அன்றைக்குத்தான்.

அப்பாவிடம் சொன்னேன். அவர் மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து 2016-இல் ரிடையர் ஆனவர். போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "உச்சி வெயில்ல கம்பத்து மேல நிக்கும்போது, இது உனக்குப் பிடிச்சிருக்காடான்னு என்னை எவன்டா கேட்டான்? ஏசியில உக்காந்து வேலை பாத்தவன் ஏசிக்கு வேலை பாக்கப் போறேங்கிற" என்று வைத்துவிட்டார். நாலு நாள் கழித்து ஊரிலிருந்து வந்த பக்கத்து வீட்டுப் பையனிடம் ஒரு பார்சல் கொடுத்தனுப்பியிருந்தார். தினத்தந்தியில் சுற்றி, சணல் போட்டுக் கட்டி. உள்ளே அவருடைய கட்டிங் பிளேயர், கைப்பிடி ரப்பர் தேய்ந்து மினுங்குகிறது, ஒரு டெஸ்டர். அம்மா போனில், "எர்த்து பாக்காம எதுலயும் கை வைக்காதேன்னு சொல்லச் சொன்னாரு" என்றார்.

நோட்டில் முதல் இடத்தில் இருந்தது தூக்கம்தானே, அதற்கு வேலையையே மாற்றவேண்டுமா, நேரத்தை மாற்றினால் போதாதா என்று ஒரு சந்தேகம் வந்தது. எங்கள் ஆபீஸிலேயே போன் பேசாமல், மறுக்கப்பட்ட க்ளெய்ம்களை மட்டும் ஆராய்ந்து எங்கே தப்பு என்று எழுதிக்கொடுக்கிற ஒரு சின்ன டீம் உண்டு. அவர்களுக்குப் பகல் ஷிப்ட். டார்கெட் உண்டு, ஆனால் ஒரு நாளைக்கு 18. 11 வருடத்தில் ஒருநாள்கூட அங்கே போகவேண்டும் என்று நான் கேட்டதில்லை. நைட் அலவன்ஸ் 4,500 போய்விடும் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம், வேலையே பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தவனுக்கு அதே வேலையில் இன்னொரு நாற்காலி எப்படிக் கண்ணில் படும்?

மேனேஜரிடம் போனேன். நோட்டில் நாலே இடத்தில் வந்தவர் என்பதால் கொஞ்சம் மரியாதையோடு. "பேப்பர் போடப்போறீங்கன்னு டீமே பேசிக்குது, நீங்க ஷிப்ட் கேட்டு வர்றீங்க" என்றார். உடனே ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு மெயில், ஒரு டெஸ்ட், என் இடத்துக்கு ஆள் வரும் வரை என்று இரண்டரை மாதம் இழுத்தது. இதில் ஒரு கலக்கமும் உண்டு, மறைக்க விரும்பவில்லை. க்ளெய்ம் என்ன ஆயிற்று என்று மட்டும் கேட்கிற போன் வேலையில் ஒரு பகுதியை இப்போது மென்பொருளே செய்துவிடுகிறது. ஆராய்கிற வேலைக்கு எத்தனை வருடம் என்று எனக்கு யாரும் எழுதிக்கொடுக்கவில்லை. அதனால்தான் சனிக்கிழமைகளை நான் விடவில்லை.

இப்போதைய நிலவரம் இதுதான்: போன மாதம் 1-ஆம் தேதியிலிருந்து பகல் ஷிப்ட், 9 முதல் 6. சனிக்கிழமை அண்ணனோடு. அவர் மே மாதத்தில் தனக்கு வருகிற சின்ன சர்வீஸ்களில் சிலதை எனக்குத் தள்ளிவிடுகிறேன் என்றிருக்கிறார். லோன் முடிய 19 மாதம். இன்வர்ட்டர் ஏசி போர்டு ரிப்பேர் எங்கேயாவது வார இறுதியில் சொல்லித்தருகிறார்களா என்று தேடுகிறேன், அண்ணனுக்கே அது சரியாக வராது, அதில்தான் இனிமேல் காசு என்கிறார். 19-ஆவது மாதம் பேப்பர் போடுவேனா? தெரியாது. மனைவி கேட்டால் இப்போதெல்லாம் அப்படித்தான் சொல்கிறேன், அவளும் விட்டுவிடுகிறாள். சன்ஷேடில் கயிறு கட்டாமல் ஏறமாட்டேன் என்று மட்டும் சத்தியம் வாங்கியிருக்கிறாள்.

உடம்புதான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. 11 வருடம் விழித்திருந்த உடம்பு, ராத்திரி 10 மணிக்குப் படு என்றால் படுத்துவிடுமா? தினமும் 2 மணிக்கு டக்கென்று கண் திறந்துகொள்கிறது. நேற்றும் அப்படித்தான். மகள் என் மேல் காலைப் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். அடுக்களையில் ஃப்ரிட்ஜ் ஓடுகிற சத்தம், நிற்கிற சத்தம், மறுபடி ஓடுகிற சத்தம். போனில் மணி பார்த்துக்கொண்டே கேட்டேன், எட்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஓட ஆரம்பித்துவிடுகிறது. இவ்வளவு அடிக்கடி ஓடக் கூடாது. கதவு ரப்பர் எங்கேயோ விட்டிருக்க வேண்டும். ஒரு பத்து ரூபாய் நோட்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி, இழுத்தால் எந்த இடத்தில் சுலபமாக வருகிறது என்று பார்த்தால் தெரிந்துவிடும். எழுந்து போகலாம் என்று பார்த்தேன், கால் மேல் கால். ஞாயிற்றுக்கிழமை பார்க்க வேண்டும்.